கேஸ் எழுத வந்த பெண்

எட்டுப் பேருக்குச் சாப்பாடு சொல்லி இரண்டு தட்டு வந்த நாளுக்கு மறுநாள்தான் எனக்கு அந்த வேலை வந்தது.

தொண்ணூறுகளின் பிற்பாதி. ஓசூர் தொழிற்பேட்டையில் இயந்திர பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவில் நான் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. உத்தனப்பள்ளியிலிருந்து காலை பஸ்ஸில் வருவேன். அப்பாவுக்கு அங்கே தக்காளித் தோட்டம். சில நாள் என் பக்கத்து இருக்கையில் மனிதர்களுக்குப் பதில் தக்காளிக் கூடைகள் இருக்கும். எங்கள் பிரிவில் ஆறு பேர். அதில் பெண்கள் நானும் என் தோழியும். தோழி அத்திப்பள்ளியிலிருந்து வருகிறவள், வீட்டில் கன்னடம். எங்களுக்குள் பேசிக்கொள்வது பாதி தமிழ், பாதி கன்னடம். எந்தப் பாதி எங்கே முடிகிறது என்று எங்களுக்கே தெரியாது.

தொழிற்சாலையில் சாப்பாடு சொல்லும் முறை அப்போது இப்படி இருந்தது. ஒவ்வொரு பிரிவின் கிளார்க்கும் காலை பத்து மணிக்குள் கேண்டீனுக்குப் போன் செய்து எத்தனை பேருக்கு என்ன வேண்டும் என்று சொல்ல வேண்டும். கேண்டீன் போனை யாரோ புண்ணியவான் கிரைண்டருக்கு நேர் மேலே சுவரில் மாட்டிவைத்திருந்தார். கேண்டீன் சூப்பர்வைசர் ஒரு காதில் ரிசீவரை அழுத்திக்கொண்டு, தோளால் மறு காதை அடைத்துக்கொண்டு, கரும்பலகையில் சாக்பீஸால் எழுதுவார்.

அன்றைக்கு வடக்கிலிருந்து வாடிக்கையாளர்கள் எட்டுப் பேர் வந்திருந்தார்கள். அசெம்பிளி பிரிவின் கிளார்க் கன்னடக்காரர். அவசரத்தில் அவருக்குத் தாய்மொழிதான் வந்தது. 'எண்ட்டு' என்று சொன்னார். கன்னடத்தில் அது எட்டு. சூப்பர்வைசர் கோவில்பட்டிப் பக்கத்து ஆள். கிரைண்டர் சத்தத்தில் அவர் காதில் விழுந்தது 'ரெண்டு'. விருந்தினர் அறையில் எட்டுப் பேர் கை கழுவிவிட்டு உட்கார்ந்திருக்க, இரண்டு தட்டு வந்தது. பிளான்ட் மேனேஜர் நின்றுகொண்டே இருந்தாராம். மற்ற ஆறு தட்டும் வந்து சேர்வதற்குள் முதல் இரண்டு தட்டின் அப்பளமும் நமத்துப் போய்விட்டது.

மறுநாளே எங்கள் பிரிவுத் தலைவரைக் கூப்பிட்டு, பத்து மணிக் கெடுவை அப்படியே வைத்துக்கொண்டு, சாப்பாடு ஆர்டர் முழுவதையும் ஆன்லைன் ஆக்கிவிடச் சொன்னார் பிளான்ட் மேனேஜர். ஆன்லைன் என்றால் அன்றைக்கு எங்களுக்கு இணையம் இல்லை. ஒரு பிரிவில் தட்டச்சு செய்தால் கம்பி வழியாகப் போய் இன்னொரு பிரிவின் திரையில் அப்போதே தெரிய வேண்டும், அவ்வளவுதான். எங்கள் தலைவர் அந்த மாதம்தான் பெங்களூரில் ஒரு வாரப் பயிற்சிக்குப் போய்விட்டு வந்திருந்தார். வரும்போது ஒரு புதுச் சொல்லும் கொண்டுவந்திருந்தார். யூஸ் கேஸ். புரோகிராம் எழுதுவதற்கு முன்னால், அதை யார் பயன்படுத்துவார்கள், எதற்கு, அவர்கள் என்ன செய்தால் கம்ப்யூட்டர் என்ன பதில் சொல்லும், நடுவில் ஏதாவது கோளாறானால் என்ன ஆகும் என்று எல்லாவற்றையும் சாதாரண வாக்கியங்களில் வரிசையாக எழுதி வைப்பது. கேட்க எளிதாக இருந்தது. என்னையும் தோழியையும் எழுதச் சொன்னார்.

நான் அரை மணி நேரத்தில் முடித்துவிட்டேன். சாப்பிடுபவர் உணவைத் தேர்ந்தெடுக்கிறார். கம்ப்யூட்டர் பதிவு செய்கிறது. சமையலறை சமைக்கிறது. சாப்பிடுபவர் சாப்பிடுகிறார். நான்கு வரி. தலைவர் அதைப் படித்துவிட்டு, கேண்டீனில் யாரையாவது கேட்டாயா என்றார். கேட்கவில்லை. போய்க் கேட்டுவிட்டு வா என்றவர், கேண்டீனுக்குப் போன் செய்து எங்கள் வருகையையும் சொல்லிவைத்தார்.

நாங்கள் கேண்டீனுக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றது. சாதாரணமாக எங்களைப் பார்த்தால் தட்டில் ஒரு வடை கூடவே விழும். அன்றைக்குச் சூப்பர்வைசர் நிமிர்ந்து பார்க்கவே இல்லை. என்ன கேட்டாலும் ஒரு வரியில் பதில். பத்து மணிக்குப் போன் வரும். எழுதுவோம். சமைப்போம். சமையல்காரர்களைக் கேட்டால் அவரைக் கேளுங்கள் என்றார்கள். இரண்டு நாள் இப்படியே போனது. டீ கூட வரவில்லை. நாங்கள் ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று மட்டும் தெரிந்தது. என்ன தப்பு என்று தெரியவில்லை.

மூன்றாம் நாள், தட்டு கழுவும் அக்கா என் தோழியைக் குழாயடிப் பக்கம் கூப்பிட்டுப்போய்க் கன்னடத்தில் மெல்லக் கேட்டாள். கேஸ் போலீஸிலா, லேபர் கோர்ட்டிலா?

தலைவர் போனில் சொன்னதை அவர்கள் அப்படித்தான் கேட்டிருக்கிறார்கள். கேஸ் எழுத இரண்டு பெண்கள் வருகிறார்கள். இரண்டு தட்டு விவகாரத்துக்காக சூப்பர்வைசர் மேல் கேஸ். கேண்டீன் முழுக்க அதுதான் பேச்சு. யாரும் வாயைத் திறந்து எதையும் சொல்லிவிடக் கூடாது என்று எல்லோரும் முடிவு செய்திருந்தார்கள்.

தோழி வந்து சொன்னதும் நான் ஓடினேன். உலைப் பக்கம் நின்றிருந்த சூப்பர்வைசரிடம் மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். இது அந்தக் கேஸ் இல்லை, யார் மேலேயும் இல்லை, கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுக்கிற பாடம் மாதிரி என்றேன். அவர் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு பழுப்புக் காகிதத்தை எடுத்தார். அவருடைய வேலை நியமன உத்தரவு. மூன்று நாளாக அதைப் பையிலேயே வைத்துக்கொண்டு வேலை செய்திருக்கிறார்.

"அப்போ இது வேண்டாமா?" என்றார்.

"வேண்டாம் சார்."

"கேஸுன்னா கேஸுதானம்மா. அதுல எழுத வேற செய்யுதோம்னு சொல்லுதீங்க. நான் என்னத்தக் கண்டேன்?"

சொல்லிவிட்டு அவரே சிரிக்க ஆரம்பித்தார். முதலில் தோள் குலுங்கியது, பிறகு வயிறு, பிறகு கையில் இருந்த கரண்டி. சமையல்காரர்கள் ஒவ்வொருவராக வந்து விஷயம் கேட்டு, கேட்டுச் சிரித்து, சிரித்தவர்கள் அடுத்தவரிடம் போய்ச் சொன்னார்கள். எனக்கும் தோழிக்கும் டீ வந்தது. கூடவே மூன்று நாள் பாக்கியாக மூன்று வடையும் வந்தது.

அதன் பிறகு நான் என் நான்கு வரியைக் காட்டினேன். அவர் விரல் வைத்து எண்ணினார். "நாலு வரியில சோறு ஆக்க முடியும்னா பதினஞ்சு வருஷமா நான் எதுக்கு இங்க நிக்கேன்?" என்று கேட்டுவிட்டுச் சொல்ல ஆரம்பித்தார். நான் எழுதி மாளவில்லை. ஒரு லாட் பாகங்கள் மொத்தமாகக் கெட்டுப்போனால் மெஷின் ஷாப்பில் அத்தனை பேரும் அரை மணி தாமதமாக வருவார்கள், சோறு ஆறிப்போகும், ரசத்தைத் திரும்பச் சுட வைக்க வேண்டும். ஐயப்பனுக்கு மாலை போட்ட மாதத்தில் வெங்காயம் இல்லாத குழம்பு தனியாக வேண்டும். மாலையைக் கழற்றிய மறுநாள் அதே ஆட்கள் இரண்டு முட்டை கேட்பார்கள். பெயின்ட் ஷாப்பில் வேலை செய்பவர்கள் வாழைப்பழம் இல்லை என்றால் கோபித்துக்கொள்வார்கள். சொல்லிவிட்டு வராதவர்கள், வந்துவிட்டுச் சொல்லாதவர்கள், பக்கத்து ஆளுக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டுப் பக்கத்து ஆளிடம் அதைச் சொல்ல மறந்தவர்கள்.

கம்ப்யூட்டர் பிரிவில் அகலமான பிரின்டர் காகிதம் நிறையக் கிடக்கும், இரண்டு ஓரத்திலும் துளை போட்டது. அதன் பின்பக்கத்தில் தமிழில் எழுதினேன். தலைவருக்கு ஆங்கிலத்தில் பிறகு எழுதிக்கொள்ளலாம், கேண்டீனில் படித்துக் காட்ட இது வேண்டும். வீட்டுக்கும் எடுத்துப்போய் எழுதினேன். கம்ப்யூட்டர் படித்தவள் கேண்டீனில் என்ன எழுதுகிறாய் என்று அம்மா கேட்டாள். யார் என்ன கேட்டால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று எழுதுகிறேன் என்றேன். அப்படி ஒன்று எழுதி உன் அப்பாவிடம் கொடு என்றாள்.

யூஸ் கேஸில் வரும் மனிதர்களுக்கு ஆக்டர் என்று பெயர். இதைக் கேண்டீனில் படித்துக் காட்டும்போது நான் அப்படியே சொல்லிவிட்டேன். இந்தக் கேஸில் ஆக்டர் யார் யார் என்றால், ஆர்டர் சொல்லும் கிளார்க், சூப்பர்வைசர், சமையல்காரர். சமையலறை கலகலத்துவிட்டது. ஒருவர் தலைமுடியை வாரிக்கொண்டார். தட்டு கழுவும் அக்கா, அப்படியென்றால் நடித்தே பார்த்துவிடலாமே என்றாள். அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் தோழி என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். எழுதியது சரியா என்று கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி எங்களுக்குத் தோன்றவில்லை.

எல்லோரும் சாப்பிட்டு முடித்த மூன்று மணிக்கு மேல் நடிப்பது என்று ஆனது. கம்ப்யூட்டராக யார் நடிப்பது என்பதில்தான் சிக்கல். சொந்தமாக ஒரு வசனமும் இல்லை என்று ஒருவரும் முன்வரவில்லை. உட்கார்ந்து செய்கிற வேலை என்றால் நான் செய்கிறேன், முழங்கால் வலிக்கிறது என்றாள் அக்கா.

அவளுக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். கெலவரப்பள்ளிப் பக்கம் ஒரு கிராமம். வீட்டில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை தமிழ், பக்கத்துத் தெருவிலிருந்து கன்னடம். மூன்று மொழியிலும் ஓயாமல் பேசுவாள். தட்டு கழுவும்போது தட்டுகளிடம் பேசுவாள் என்று சமையல்காரர்கள் கேலி செய்வார்கள். அவளை எச்சில் தட்டு வாங்கும் ஜன்னலுக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் உட்காரவைத்து, நான் எழுதிய காகிதங்களைக் கையில் கொடுத்தோம். ஒரே ஒரு விதி. காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதை மட்டும் சொல்ல வேண்டும். எழுதாததை யார் கேட்டாலும் வாயைத் திறக்கக் கூடாது. அக்காவால் இரண்டு நிமிடம் தாங்க முடியாது என்று எல்லோரும் சொன்னார்கள்.

முதல் ஆளாகத் தோழி போய் ஜன்னலில் நின்று, "ஹத்து முத்தே" என்றாள். பத்து ராகி உருண்டை. அக்கா காகிதத்தில் விரலை ஓட்டினாள். நான் களி என்று எழுதியிருந்தேன். முத்தே என்று எங்கும் இல்லை. அக்கா வாயை மூடிக்கொண்டாள். தோழி மறுபடி கேட்டாள். அக்காவின் கண் சிரித்தது, உதடு அசையவில்லை. தினமும் முத்தே சாப்பிடுகிறவள், வீட்டில் அதையே சங்கட்டி என்கிறவள், கல் மாதிரி உட்கார்ந்திருந்தாள். அங்கேதான் எனக்கு உறைத்தது. ஒரு பண்டத்துக்கு இங்கே மூன்று பெயர். எந்தப் பெயரை வைத்தாலும் இரண்டு பேருக்குப் புரியாது. பெயரே வேண்டாம், ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தோம்.

அடுத்து மெஷின் ஷாப்பிலிருந்து ஒருவரை வரச் சொல்லியிருந்தோம். அவர் முட்டைக் குழம்பு கேட்டார். அக்கா, பதிவு செய்யப்பட்டது என்று படித்தாள். அவர் நான்கு அடி நடந்துவிட்டுத் திரும்பி வந்தார். புரட்டாசி சனிக்கிழமை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்திருக்கிறது. முட்டை வேண்டாம் என்றார். வேண்டாம் என்று சொல்வதற்கு நான் எதுவுமே எழுதியிருக்கவில்லை. அவர் கெஞ்சிப் பார்த்தார். பெருமாள் கோபித்துக்கொள்வார் என்றார். அக்கா அசையவில்லை. நான் தரையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருந்தேன். அன்று சாயங்காலம் பஸ்ஸில் போகும்போது எனக்குச் சிரிப்பாக வந்துகொண்டே இருந்தது. வேலை என்பது இவ்வளவு சந்தோஷமாக இருக்கலாம் என்று அதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

ஐந்தாறு நாள் இப்படி நடந்தது. பார்க்கக் கூட்டம் சேர ஆரம்பித்தது. ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் எல்லாம் உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்கள். ஒவ்வொருவரும் அக்காவைப் பேச வைக்க ஒரு கேள்வி கொண்டுவந்தார்கள். பேச வைத்தவர் ஒருவரும் இல்லை. கேள்வி எல்லாம் என் காகிதத்தில் சேர்ந்தது.

அப்படி ஒரு நாள், சூப்பர்வைசர் கரும்பலகையில் 'மணி 10.15' என்று எழுதிவிட்டு நின்றார். தாமதமாக ஆர்டர் சொல்பவரை நடித்துப் பார்க்க வேண்டிய நாள் அது. அந்த நேரம் பார்த்துக் கேண்டீன் கதவைத் திறந்துகொண்டு பிளான்ட் மேனேஜர் வந்தார். மீட்டிங்கில் மாட்டிக்கொண்டு மதியம் சாப்பிடாமல் இருந்திருக்கிறார். பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்தார்கள். உட்காருங்கள் என்று கையைக் காட்டிவிட்டு, ஜன்னலில் ஆள் இருப்பதைப் பார்த்து நேரே அங்கே போய், ஒரு சாப்பாடு கிடைக்குமா என்று கேட்டார்.

அவரும் நடிக்க வந்திருக்கிறார் என்றே அக்கா நினைத்தாள். கரும்பலகையைப் பார்த்தாள். காகிதத்தில் விரல் வைத்து, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். "ஆர்டர் நேரம் முடிந்தது. நாளை ஆர்டர் செய்யவும்."

சூப்பர்வைசரின் கை பாதி எழுந்து அப்படியே நின்றது.

"எனக்குமாம்மா?" என்றார் மேனேஜர்.

அக்கா அவசரப்படவில்லை. முதல் காகிதத்திலிருந்து கடைசிக் காகிதம் வரை புரட்டினாள். அவர் பொறுமையாக நின்றார். புரட்டி முடித்துவிட்டு அவள் நிமிர்ந்தாள்.

"உங்களுக்குன்னு தனியா எதுவும் எழுதலீங்க சார்."

அதுதான் அந்த ஜன்னலிலிருந்து அவள் சொந்தமாகச் சொன்ன ஒரே வாக்கியம். அவர் திரும்பி, இதை எழுதியது யார் என்றார். நான் எழுந்தேன். பத்து மணி என்று யார் சொன்னது என்றார். நீங்கள்தான் சார், எங்கள் தலைவரிடம் நீங்கள்தான் அந்த நேரத்தை வைக்கச் சொன்னீர்கள் என்றேன்.

அவர் ஒரு பெஞ்சை இழுத்து உட்கார்ந்தார். முகம் இறுக்கமாகத்தான் இருந்தது. பிறகு அது மெல்லத் தளர்ந்து, ஒரு சிரிப்பு வந்து, அடக்க முடியாமல் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கேண்டீன் மொத்தமும் மூச்சு விட்டது.

"எனக்குன்னு தனியா எழுத வேண்டாம்மா," என்றார் என்னிடம். "ஆனா பசியோட லேட்டா வர்ற ஆளுக்கு ஏதாவது ஒரு வழி எழுதுங்க. அது யாரா இருந்தாலும்."

அதற்குள் சூப்பர்வைசர் தயிர்சாதமும் எலுமிச்சை ஊறுகாயும் கொண்டுவந்துவிட்டார். மேனேஜர் எல்லோரோடும் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டே, மீதி என்ன இருக்கிறது என்று கம்ப்யூட்டர் சொன்னால் போதுமே, இருப்பதில் ஒன்றை எடுத்துக்கொள்வார்கள் என்றார். நான் அப்படியே எழுதிக்கொண்டேன். அவர் போன பிறகுதான் அவர் நடிக்கவில்லை என்று யாரோ அக்காவிடம் சொன்னார்கள். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஸ்டூலை விட்டு எழுந்திருக்காமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

நான்கு வரி, முப்பத்தொரு யூஸ் கேஸ் ஆகியிருந்தது. ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து தலைவரிடம் கொடுத்தேன். அவர் மேஜையில் வைத்துப் படித்துவிட்டு, இதைப் படித்தால் பசிக்கிறது என்றார். குறைக்கச் சொல்வார் என்று பயந்தேன். சொல்லவில்லை. கம்பி இழுத்து, புரோகிராம் எழுதி, எல்லாப் பிரிவுக்கும் ஒரு திரை வைத்து முடிக்க நான்கு மாதம் ஆனது. யூஸ் கேஸில் எழுதியதைத் தாண்டி வேறு எதையும் நாங்கள் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. என்ன கேள்வி வந்தாலும், அதை யாரோ ஒருவர் ஏற்கெனவே ஜன்னலில் நின்று கேட்டிருந்தார்.

சமையலறைத் திரையில் உட்கார ஒரு ஆள் வேண்டும் என்றபோது சூப்பர்வைசர் அக்காவின் பெயரைச் சொன்னார். ஐந்தாவது படித்தவரா என்று ஆபீஸில் தயங்கினார்கள். கம்ப்யூட்டர் எப்படிப் பேசும் என்று அவளைத் தவிர இங்கே யாருக்குத் தெரியும் என்று அவர் கேட்டார். நம்பர்களும் பத்துப் பன்னிரண்டு சொற்களும்தான். தோழி ஒரு வாரம் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தாள். முதல் நாள் அக்கா கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவையில் வந்தாள், தலை நிறைய மல்லிகைப்பூ. பிரின்டர் கிறீச் கிறீச்சென்று பட்டியலைத் துப்பியது. அவள் அதைக் கிழித்து எடுத்துச் சமையலறையைப் பார்த்து உரக்கப் படித்தாள். சோறு வடிப்பவருக்குத் தமிழில், களி கிளறுபவருக்குக் கன்னடத்தில், குழம்புக்காரருக்குத் தெலுங்கில். உள்ளேயிருந்து ஒவ்வொருவரும் பதில் குரல் கொடுத்தார்கள். அவ்வளவு நாள் ஸ்டூலில் அடக்கி வைத்த பேச்சு முழுவதும் அன்றைக்கு வெளியே வந்தது என்று தோழி சொன்னாள்.

அடுத்த மாம்பழ சீசனில் கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு அழைப்பு வந்தது. மாம்பழக் கூழ் தயாரிக்கும் ஒரு கம்பெனி. சீசனில் அவர்களுக்கு ஆட்கள் மூன்று மடங்காகிவிடும், கேண்டீன் திண்டாடும். எங்கள் மேனேஜருக்குத் தெரிந்தவர்கள். போய்ப் பேசிவிட்டு வாருங்கள் என்று வேன் கொடுத்தார். நான், தோழி, சூப்பர்வைசர், அக்கா. அங்கே முற்றம் முழுக்கப் பழம் கொட்டிக் கிடந்தது. வாசனையில் தலை சுற்றியது. அவர்களுடைய கேண்டீன் ஆட்களை வரிசையாக நிறுத்தி, அக்காவை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்தோம். அவள் வெறும் கையோடு, காகிதமே இல்லாமல் உட்கார்ந்தாள். அவர்களுக்கு இன்னும் ஒரு வரியும் எழுதவில்லையே. முதல் ஆள் வந்து என்ன கேட்டாலும் வாயே திறக்க முடியாது. கேட்டுக் கேட்டு அவர்களே சிரித்து, தங்கள் கேண்டீனில் என்னென்ன நடக்கும் என்று அவர்களே சொல்ல ஆரம்பித்தார்கள். நான் நோட்டைத் திறந்தேன்.

திரும்பும்போது ஒரு கூடை பழம் கொடுத்து அனுப்பினார்கள். சூளகிரி தாண்டி வேனை ஓரமாக நிறுத்தச் சொல்லி, சாலையோரப் புளியமர நிழலில் நின்று நால்வரும் சாப்பிட்டோம். முழங்கை வரை சாறு வழிந்தது. சூப்பர்வைசர் தன் ஊர்ப் பக்கத்துப் பழத்தைப் பற்றி ஏதோ பெருமையாகச் சொல்ல, அக்கா மூன்று மொழியில் அவரை மறுத்துப் பேசிக்கொண்டிருந்தாள். டிரைவர் இரண்டு தரம் ஹாரன் அடித்தார். தோழி அவருக்கும் ஒரு பழத்தை ஜன்னல் வழியாக நீட்டினாள்.